சேய்மையிலிருந்து கூடி உழைப்போர்க்கு ஏற்ற உரையாடற் கருவி

ஒருவர் தனித்துச் செய்தற்கு இயலாத வினையைப் பலர் கூடிச் செய்யுங்கால், முதற்கண் வேண்டப்படுவது ஒருவர் கருத்தை மற்றவர் அறிதலேயாம். நாற்று நடுவோர் ஒரே வயலில் நிற்கின்றனர். ஒருவர் கை ஓய்ந்தால் அடுத்தவர் கண் அதனைக் காண்கின்றது. தேர் இழுப்போர் ஒரே வடத்தைப் பற்றியுள்ளனர். அங்கெல்லாம் பாதிச் செய்தி பேசாமலே விளங்கிவிடும். கணினிக்கு மென்பொருள் இயற்றுவோர்க்கோ அவ்வாய்ப்பு அரிதாகி வருகின்றது. ஒருவர் மோகனூரிலும், ஒருவர் பெங்களூரிலும், ஒருவர் கடல் கடந்து கனடாவிலும் இருந்துகொண்டு ஒரே நிரலைத் திருத்துகின்றனர். ஒருவர் முகத்தை மற்றவர் ஆண்டுக்கு ஒருமுறை நேரிற் கண்டால் அதுவே பெரிது. இத்தகையோர் தம்முள் கலந்து பேசுதற்கு இணையத்தின்கண் கருவிகள் பல வந்துள்ளன. அவற்றுள் எதனைத் தேர்வது என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

தொல்காப்பிய உரைகளோடு காலங்கழிக்கும் தமிழ் ஆனர்ஸ் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனச் சிலர் நகைக்கக்கூடும். நகைப்போர் சற்றுப் பொறுப்பாராக. கருவியைச் செய்வோர் பொறியியலாராயினும், அதனுள் ஓடுவது சொல்லே. சொல்லை எவ்வாறு நிரல்பட வைப்பது, யார் கூற்றை யார் மறுத்தார் என்பதை எவ்வாறு குறிப்பது, பின்னால் வருவோர் அதனைப் படித்து எவ்வாறு பொருளுணர்வது என்பனவெல்லாம் நம் துறைக்கு அயலல்ல. உண்மையில் அவை நம் துறையே.

மோகனூர், நாமக்கல்லுக்கு அணித்தாகக் காவிரிக் கரையில் அமைந்த ஊர். 1888-ஆம் ஆண்டு நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை பிறந்த ஊர் என்பதனால் தமிழ் மாணவர் அதனை அறிவர். கூட்டுறவுச் சர்க்கரை ஆலையால் கரும்பு உழவர் அறிவர். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் நாடு முழுமைக்கும் ஊரடங்கு வந்ததை ஒட்டி, பெருநகரங்களில் மென்பொருட்பணி பார்த்த இளைஞர் பலர் பெட்டியும் மடிக்கணினியுமாக இத்தகைய ஊர்களுக்குத் திரும்பினர். ஊரடங்கு நீங்கியபின் பலர் மீண்டும் நகரேறினர். சிலர் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டனர். அவருள் ஒருவர் எம் விடுதித் தோழர் ஒருவரின் தமையனார். தந்தையார் முதுமையுற்றவர், இரண்டு ஏக்கர் வாழையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. அவர் பணிபுரியும் குழுவில் மொத்தம் எழுவர். மோகனூரில் இருந்தபடியே அவர் அக்குழுவின் முழு உறுப்பினராக நிலைக்க முடியுமா, அன்றி ஏவிய வேலையை மட்டும் செய்பவராக நாளடைவில் குறுகிவிடுவாரா என்பது, அவருடைய அறிவை மட்டும் பொறுத்ததன்று. அக்குழு எக்கருவியிற் பேசுகின்றது என்பதையும் பொறுத்தது. இதனை யாம் மிகைபடக் கூறவில்லை. காரணம் காட்டுவாம்.

இக்குழு முதலில் வாட்ஸ்அப்பிலேயே பேசியது. நம் நாட்டிற் சிறு குழுக்கள் பெரும்பாலும் அவ்விடத்தேதான் தொடங்குகின்றன. கைப்பேசியில் அது முன்னரே குடியேறியிருக்கின்றது, புதிதாகக் கற்கவேண்டுவது ஒன்றுமில்லை. அதன் பயனை யாம் குறைத்துக் கூறோம். முட்டை விலை இன்று இவ்வளவு என்று அறிவித்தற்கும், லாரி எந்தச் சுங்கச்சாவடியைக் கடந்தது என்று கேட்டறிதற்கும் அதனினும் எளியது வேறில்லை. முட்டை விலை நாள்தோறும் மாறுவது; நேற்றைய விலையை நேற்று ஏன் அவ்வாறு வைத்தனர் என்று இன்று வாங்குவோர் யாரும் ஆராயார். மென்பொருட்பணி அத்தகையதன்று. தரவை ஏன் இவ்வாறு வகுத்தோம், மூன்று வழிகள் இருக்க இரண்டை ஏன் விலக்கினோம் என்னும் காரணம் ஈராண்டு கழித்தும் வேண்டப்படும். காரணம் மறந்துபோமாயின், புதிதாக வந்தவர் விலக்கிய வழியையே நல்வழியென எண்ணி அதே பள்ளத்தில் வீழ்வர்.

வாட்ஸ்அப்பில் நிகழ்வது யாது? காலையில் ஒருவர், பணஞ்செலுத்தும் பக்கத்தில் ஒரு பிழை உளதென்று எழுதுகின்றார். விடை வருமுன் இன்னொருவர் நாளை விடுமுறை வேண்டுமென்கின்றார். மூன்றாமவர் நான்காமவர்க்குப் பிறந்தநாள் வாழ்த்துக் கூறுகின்றார். வாழ்த்தின்பின் வாழ்த்து வருகின்றது. பூங்கொத்தும் பலகாரமும் படங்களாக வந்து குவிகின்றன. பிழையைப் பற்றிய வினா அவற்றின்கீழ்ப் புதைந்துபோகின்றது. அதனைக் கேட்டவர் மீண்டும் கேட்க நாணி வாளா இருந்துவிடுகின்றார். இதனோடு இன்னொன்றும் உண்டு. அலுவல் முடிந்தபின்னும் கைப்பேசி ஓய்வதில்லை. தங்கையின் செய்தியும் மேலாளரின் செய்தியும் ஒரே வாயில் வழியே நுழைகின்றன.

இக்குறை நீக்குதற்கென்றே தொழிற்குழுக்களுக்குத் தனிக் கருவிகள் எழுந்தன. அவற்றின் மூதாதை, 1988-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்காரினென் என்பவர் இயற்றிய ஐ.ஆர்.சி. என்பது. இந்நாளிற் பெரும்பெயர் பெற்ற ஸ்லாக் என்பதன் பிறப்பு சுவையுடையது. கணினி விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்த குழுவினர், வெவ்வேறு நகரங்களில் இருந்த தம்முள் பேசுதற்கென ஒரு கருவியை அமைத்துக்கொண்டனர். விளையாட்டு 2012-ஆம் ஆண்டு மூடப்பட்டது, கருவி பிழைத்தது. 2013-இல் அது வெளியாரும் பயன்படுத்துமாறு வந்தது. 2021-இல் சேல்ஸ்போர்ஸ் என்னும் பெருநிறுவனத்தின் உடைமையாயிற்று. மைக்ரோசாப்டு நிறுவனம் டீம்ஸ் என்பதை 2017-இல் வெளியிட்டது. நம் நாட்டு ஜோஹோ நிறுவனமும் கிளிக் என்னும் கருவியைத் தந்துள்ளது. 2011-ஆம் ஆண்டிலேயே தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்த அந்நிறுவனத்தார், சிற்றூரிலிருந்து உழைப்பார்க்கு வேண்டுவன யாவை என்பதைப் பிறரினும் நன்கு அறிவர் என்று எண்ணலாம். அவரே பொதுமக்களின் பேச்சுக்கென 2021-இல் வெளியிட்ட செயலிக்கு அரட்டை என்று பெயரிட்டனர். தமிழ் மாணவராகிய எமக்கு அப்பெயர் பெருமகிழ்ச்சி தந்தது; வாய்மையான பெயரும் கூட. அரட்டைக்கு ஓர் இடம் வேண்டும். ஆனால் தொழிலின் முடிவுகள் எல்லாம் அரட்டையிலேயே பிறத்தல் கூடாது என்பதே எம் கருத்து.

ஸ்லாக் முதலிய கருவிகள் பேச்சைச் சேனல்களாகப் பகுக்கின்றன. சேனல் என்பது வாய்க்கால். விடுமுறைக்கு ஒரு வாய்க்கால், பிழைகளுக்கு ஒன்று, வாழ்த்துக்கு ஒன்று என வெட்டிவிட்டாற் பெருங்குழப்பம் தீர்கின்றது என்பது மெய்யே. ஆயினும் வாய்க்கால் வெட்டியபின்னும் நீர் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றது. பிழைக்குரிய வாய்க்காலிலேயே ஒரு நாளில் ஐந்து பிழைகள் பேசப்படுகின்றன. ஒரு செய்தியின் அடியிற் கிளையிழை தொடங்கி அங்கேயே விடையிறுக்கவும் ஸ்லாக்கில் வழியுண்டு. ஆனால் அது விரும்பினார் செய்வது. விரைவிலிருப்பார் செய்யாது விடுவது. பெரும்பாலான குழுக்களில் பாதிப் பேச்சு கிளையிலும் பாதி வெளியிலுமாகச் சிதறிக்கிடக்கின்றது என்று அதனைக் கையாள்வோர் கூறக் கேட்டிருக்கின்றோம்.

ஓடும் பேச்சு, விழித்திருப்பார்க்கும் விரைந்து தட்டச்சிடுவார்க்குமே உரியது. மோகனூரிலோ, மின்வாரியத்தார் பராமரிப்புப் பணிக்கெனக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தும் நாள் ஒன்று அவ்வப்போது வரும். நம் மாவட்டத்தார் யாவரும் அறிந்த நாள் அது. மடிக்கணினியின் மின்கலம் நண்பகலுக்குள் தீர்ந்துவிடும். அன்று மாலை திரும்பி வந்து பார்ப்பவர் முன் இருநூறு செய்திகள் கிடக்கும். அவற்றுள் எது முடிவு, எது விளையாட்டு என்று பிரித்தறிவதற்குள் இரவாகிவிடும். இனிக் கடல் கடந்தாரை நோக்குக. மோகனூரில் காலை ஒன்பது மணியாகும்போது கலிபோர்னியாவில் முந்தைய நாள் மாலை ஏழரை, அன்றேல் எட்டரை. இருவர்க்கும் பொதுவான பணிநேரம் என்பதே இல்லை. சென்ற ஆண்டு இக்குழுவில் ஒரு பெரிய மாற்றத்தைப் பெங்களூரிலிருந்த மூவர் ஒரே மாலையிற் பேசி முடித்துவிட்டனர். மோகனூர் அன்பர் அதே பொருளில் இரண்டு வாரம் உழைத்துக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். அவரை ஒதுக்கவேண்டுமென்று எவரும் நினைக்கவில்லை. அவர் அப்போது அங்கில்லை, அவ்வளவே. இத்தகைய ஒதுக்கம் தீயோராலன்றி நல்லோராலேயே நிகழ்வது என்பதுதான் அதிலுள்ள வருத்தம். சினந்துகொள்ளவும் ஆளில்லை.

அப்படியாயின் நாள்தோறும் எல்லாரும் ஒரு மணிநேரம் காணொளியிற் கூடிப் பேசினால் என்னை என்பார் உளர். இதற்கு விடை கூறுதற்கு எம் போன்றார்க்கு உரிமை சிறிது மிகுதியாக உண்டு என்று நினைக்கின்றோம். தமிழ்வழிப் பள்ளியிற் பயின்று, ஆங்கிலத்தைப் பதினெட்டு வயதுக்குமேல் நாவிற்குப் பழக்கியவர், கூட்டத்திற் பேசுமுன் வாக்கியத்தை உள்ளத்தில் ஒருமுறை கட்டிப் பார்க்கின்றார். அவர் கட்டி முடிக்குமுன் பேச்சு அடுத்த பொருளுக்குப் போய்விடுகின்றது. கருத்து வலிதாயிருந்தும் அது சபை ஏறுவதில்லை. எழுத்தில் அந்நிலை இல்லை. எழுதுவோர் அகராதியைப் புரட்டலாம். எழுதியதை அழித்து மீண்டும் எழுதலாம். அரைமணி கழித்தும் விடுக்கலாம். படிப்பவர்க்கு அவருடைய உச்சரிப்புக் கேளாது, கருத்து மட்டுமே தெரியும். குழுவினர் யாவரும் தமிழராயின் தமிழிலேயே எழுதுதற்குத் தடையும் இல்லை. எழுத்தால் நடக்கும் உரையாடலே ஊர்ப்புறத்தார்க்கு நடுவுநிலையான களம் என்று யாம் துணிந்து கூறுவோம்.

இனி, எழுத்தாயினும் எவ்வகை எழுத்து? இங்கேதான் நம் முன்னோர் நமக்கு ஒரு முன்மாதிரி வைத்துப்போயினர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை உரையோடு பயின்றவர் அறிவர். ஒவ்வொரு நூற்பாவும் தனித்து நிற்கின்றது. அதனடியிலே அதற்குரிய பொருளும், எடுத்துக்காட்டும், எழக்கூடிய வினாவும், அவ்வினாவிற்கு விடையும் அடுக்கப்பட்டுள்ளன. இளம்பூரணர் ஒரு பொருள் கூறினார். பின்வந்த சேனாவரையர் அவரை உரையாசிரியர் என்றே குறித்து, அவர் கூற்றை எடுத்துவைத்துப் பல இடங்களில் மறுத்தார். நச்சினார்க்கினியர் பின்னும் சில இடங்களிற் சேனாவரையரோடு மாறுபட்டார். இம்மூவரும் ஒரே காலத்தவர் அல்லர். ஒருவரை ஒருவர் கண்டதுமில்லை. ஆயினும் இன்று ஒரு மாணவர் அந்நூற்பாவைத் திறந்த அளவில் மூவரும் எதிரெதிர் அமர்ந்து வழக்காடுவது போலத் தோன்றுகின்றது. இடத்தாற் பிரிந்தாரன்றிக் காலத்தாற் பிரிந்தாரும் ஒரு பொருளின்கீழ்க் கூடிப் பேசினர். காரணம் யாது? பேச்சு நாளின்படி அடுக்கப்படவில்லை, பொருளின்படி அடுக்கப்பட்டது. மறுப்போர் மறுக்கப்படுங் கூற்றை முதலில் எடுத்தோதினர். முடிவை மட்டுமன்றி முடிவுக்குரிய காரணத்தையும் எழுதினர். சேய்மையிலுள்ள குழுவுக்கு வேண்டிய இலக்கணம் இம்மூன்றுமே.

இவ்விலக்கணத்திற்கு அணுக்கமாக அமைந்த கருவி ஒன்று உண்டு. ஜூலிப் என்பது அதன் பெயர். 2012-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் தொடங்கப்பெற்று, 2014-இல் டிராப்பாக்ஸ் நிறுவனத்தால் வாங்கப்பட்டு, 2015-இல் எவரும் எடுத்தாளலாம் என்று அதன் நிரல் பொதுவுடைமையாக வெளியிடப்பட்டது. இதன்கண் சேனல் உண்டு. சேனலின் உள்ளே, செய்திகள் ஒவ்வொன்றும் ஒரு தலைப்பின்கீழ் அமையுமாறு செய்யப்பட்டுள்ளது. தலைப்பு இடுதல் ஒருவர் விருப்பத்திற்கு விட்ட அணிகலனன்று. கருவியின் எலும்பே அது. நூற்பாவின்கீழ் உரை நிற்பது போலத் தலைப்பின்கீழ்ப் பேச்சு நிற்கின்றது. மூன்று நாள் கழித்து விடையெழுதினாலும் அது உரிய இடத்திலேயே சென்று சேரும். இருநூறு செய்திகளுக்குத் திரும்பி வருபவர் தலைப்புக்களை நோக்கித் தமக்கு வேண்டாதனவற்றை ஒரே தட்டில் ஒதுக்கிவிடலாம். ரஸ்ட் என்னும் நிரல்மொழியை வளர்ப்போரும், லீன் என்னும் கருவியைக் கொண்டு கணிதத் தேற்றங்களைக் கணினியிற் சரிபார்ப்போரும் இதனைக் கையாள்கின்றனர். இவ்விரு கூட்டத்தாரும் உலகெங்கும் பரந்து வாழ்வோர்.

புதுக்கருவியே வேண்டுமென்பதுமில்லை. 1991-இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரல், ஆயிரக்கணக்கானோர் உழைப்பால் வளர்ந்தது. அத்திருத்தங்களை இன்றளவும் அவர்கள் மின்னஞ்சற் குழுவிலேதான் ஆராய்கின்றனர். நம்மவர் கதையும் அதுவே. 1990-களின் பிற்பகுதியிற் கணினியில் தமிழெழுத்துக்களுக்கு ஒரு பொதுக்குறியீடு இல்லாமையால், ஒருவர் எழுதியது மற்றவர் திரையிற் குப்பையாகத் தோன்றிற்று. அதற்குத் தீர்வாகத் திஸ்கி என்னும் குறியீட்டை வகுத்தவர், மலேசியா, ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து, அமெரிக்கா எனப் பல நாடுகளிற் சிதறியிருந்த தமிழன்பர்கள். அவர்கள் கூடிய மன்றம் மின்னஞ்சலே. 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கும் பணியைப் பல நாட்டிலுள்ள அன்பர்க்கு மின்னஞ்சல் வாயிலாகவே பகிர்ந்தளித்தது. எழுத்தையே ஒழுங்காகக் காட்டமாட்டாத காலத்தில் அவர் எழுதி எழுதியே ஒரு குறியீட்டை முடித்தனர் என்பதை நினைக்குங்கால் வியப்பு மேலிடுகின்றது. மின்னஞ்சலில் தலைப்பு வரி உண்டு. எடுத்துக்காட்டி மறுக்க வழியுண்டு. மறுநாள் விடையெழுதுவார்க்கு இழுக்கில்லை. இந்நாளைய கருவிகள் சிலவற்றுக்கு இல்லாத நற்குணங்கள் அந்த முதியதற்கு உள.

ஆனால் பேச்சு எங்கே சேமிக்கப்படுகின்றது என்பதில் அக்காலத்தார் அனைவரும் விழிப்பாயிருந்திலர். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இணையத்தமிழர் கூடிப் பேசிய மரத்தடி, ராயர் காப்பி கிளப் முதலிய குழுக்கள் யாகூ நிறுவனத்தின் குழும இடத்தில் இருந்தன. இடம் இலவசமாயிருந்தது. 2019-ஆம் ஆண்டு அந்நிறுவனம், குழுமங்களின் பழைய செய்திகளையும் கோப்புக்களையும் அழிக்கப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பர் 15-இல் அச்சேவையையே மூடிற்று. முன்னரே படியெடுத்து வைத்தவர் பிழைத்தனர். படியெடாதார் பேச்சு, செல்லரித்த ஏட்டின் கதியை அடைந்தது. ஏடாவது பரணில் நூறாண்டு கிடந்து பின் அரிப்புண்டது. இஃது இருபதாண்டும் இருக்கவில்லை.

யாகூ ஒன்றன் கதைதான் இதுவென்று எண்ணற்க. ஹிப்சாட் என்னும் கருவியை உடையார் அதனை 2018-இல் ஸ்லாக்குக்கு விற்றனர். அடுத்த ஆண்டே அது மூடப்பட்டது. ஸ்லாக், விலையின்றிப் பயன்படுத்துவார்க்கு முன்னர்ப் பதினாயிரம் செய்திகள் வரை காட்டிவந்தது; 2022-இல் அதனை 90 நாட்செய்தி எனச் சுருக்கிற்று; 2024 ஆகஸ்டு முதல், விலையின்றிப் பயன்படுத்துவாரின் ஓராண்டு கடந்த செய்திகளை அழிக்கவும் தொடங்கிற்று. விலை கொடாதார்க்கு நிறுவனம் கடன்பட்டதன்று என்பது உண்மையே. யாம் அதனைக் குறைகூறவில்லை. ஆனால் ஏழுபேர் கொண்ட ஏழைக்குழு விலையின்றியே தொடங்கும். ஈராண்டு கழித்துக் காரணம் தேடும்போது அது கிடையாது. இதனை முன்னரே அறிந்து தேர்வதே அறிவுடைமை.

ஜூலிப்பையும், 2015-இல் நிரல் வெளியிடப்பட்ட மாட்டர்மோஸ்ட் என்பதையும் தம் சொந்தச் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். சொந்த வீடு என்பதனால் தொல்லையில்லை என்று கூறுவதற்கில்லை. ஓட்டையடைக்க ஆள் வேண்டும். காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும். நாள்தோறும் படியெடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். குழுவில் அதற்கு நேரமுடையார் ஒருவரேனும் இலராயின், விலை கொடுத்து நிறுவனத்தாரிடமே வைப்பது நன்று; ஆனால் செய்திகளனைத்தையும் ஒருங்கே வெளியே எடுக்க முடிகின்றதா என்று சேருமுன் ஒருமுறை எடுத்தே பார்த்துவிடுதல் வேண்டும். விளம்பரத்தில் முடியும் என்று எழுதியிருப்பது போதாது.

தமிழில் எழுதும் குழுவுக்கு இன்னும் ஒரு சோதனை உண்டு. இதனைப் பொறியியல் நண்பர்கள் எண்ணிப் பார்த்திரார் ஆதலின் சிறிது விரித்துரைப்பாம். பழைய பேச்சைத் தேடிக் காண்பதே இக்கருவிகளின் பெரும்பயன். ஆங்கிலத்தில் தேடுவது எளிது. சொல் பெரும்பாலும் உருமாறாது நிற்கும். தமிழிலோ ‘நிரல்’ என்று தேடினால் ‘நிரலை’ என்பதும் ‘நிரலில்’ என்பதும் அகப்படாமற் போகலாம். மெய்யீற்றின்மேல் உருபின் உயிர் ஏறிப் புள்ளி மறைந்துவிடுகின்றதன்றோ! ‘படம்’ என்று தேடுவார்க்குப் ‘படத்தில்’ கிட்டாது. மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்துவிட்டது. புணரியல் தேர்விற்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்த எமக்கு, அது கணினியிலும் வந்து வழிமறிப்பதைக் கண்டு ஒருவகை மகிழ்ச்சியே உண்டாயிற்று. இதற்கு மருந்தும் இல்லாமலில்லை. போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளத்தார் 2019-இல் வெளியிட்ட 12-ஆம் பதிப்பில், தமிழ்ச்சொல்லின் ஈற்றைக் களைந்து அடிச்சொல்லைக் காணும் பகுதியையும் சேர்த்தனர். ஆனால் கருவி செய்வோர் அதனை முடுக்கி வைத்திருந்தால்தான் பயன். ஆதலின் தேர்வுக்கு முன் உருபேற்ற சொற்கள் நாலைந்தை எழுதி, பெயரை மட்டும் கொடுத்துத் தேடிப்பார்க்க. ஐந்து நிமிடத்தில் உண்மை விளங்கிவிடும்.

எம் கருத்திற்கு மறுப்பும் உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. தலைப்பிட்டு, காரணம் காட்டி, நிதானமாக எழுதுவதென்றால் தோழமை எங்ஙனம் வளரும் என்று மோகனூர் அன்பரே எம்மை வினவினார். தனித்த அறையில் நாள் முழுதும் இருப்பவர்க்கு, நடுப்பகலில் ஒரு நகைச்சுவைச் செய்தி வருவது உயிர்த்தண்ணீர் போன்றது என்றார். உண்மையே. நகைச்சுவைக்கும் ஒரு தலைப்பு வைத்துவிட்டால் ஆயிற்று என்று யாம் கூறியபோது அவர் சிரித்தார். அறிவித்துவிட்டுச் செய்யும் நகைச்சுவை நகைச்சுவையாகாது என்பது அவர் துணிபு. அவர் சொல்வதில் நியாயம் உளது. அதற்கு வாட்ஸ்அப் இருக்கட்டும். அதனை ஒழிக்கவேண்டுமென்று யாம் சொல்லவில்லை. நள்ளிரவிற் சர்வர் வீழ்ந்துவிட்டதென்றாலும் தலைப்பிட்டுக் கட்டுரை எழுதிக்கொண்டிருத்தல் தகாது. தொலைபேசியில் அழைத்து எழுப்புவதே தக்கது. எழுப்பித் தீர்த்தபின், நிகழ்ந்தது யாது, செய்தது யாது என்று மறுநாட் காலை உரிய தலைப்பின்கீழ் எழுதி வைக்கவேண்டும். எந்தப் பேச்சில் பிறந்த முடிவாயினும், எழுத்திலேறாத வரை அது முடிவன்று என்று குழுவினர் தமக்குள் ஒப்புக்கொண்டாற் போதும். மின்சாரம் நின்ற நாளில் இல்லாதவர்க்கும் அதனை மறுத்துரைக்க வாயில் திறந்தே இருக்கும்.

இவ்வொப்பந்தம் இல்லாத இடத்தில் எந்தக் கருவியும் பயன்படாது என்பதையும் சொல்லிவிடுகின்றோம். தலைப்பிடும் கருவியிலேயே எல்லாவற்றிற்கும் பொது என்று ஒரே தலைப்பிட்டுப் பேசும் குழுக்களும் உள. அங்கே மூத்தவர் ஒருவர் பொறுப்பேற்று, தவறான இடத்தில் வீழ்ந்த செய்தியை உரிய இடத்திற்கு நகர்த்திவைக்க வேண்டும். ஜூலிப்பில் அதற்கு வழியுண்டு. ஏட்டைப் பதிப்பிப்பவர், இடம் மாறிக் கிடந்த ஓலையை உரிய இடத்திற் சேர்ப்பது போன்ற பணி அது. ஒருவர்க்கு நாளொன்றுக்குக் கால்மணி நேரம் பிடிக்கும்.

மோகனூர்க் குழுவினர் இம்மாத இறுதிக்குள் கருவியைத் தேரவிருக்கின்றனர். எழுவருள் மூவர் ஸ்லாக்கை வேண்டுகின்றனர். அது அவர்க்குப் பழகியது. இருவர் கிளிக்கை வேண்டுகின்றனர். அதனைச் செய்தவர் நம் நாட்டார், விலையும் குறைவு என்பது அவர் கூற்று. எம்மை வினவியமையால் யாம் ஜூலிப்பைச் சுட்டினோம். எதனையும் முடிவாகக் கொள்ளுமுன், உண்மையான பணிப்பொருள் ஒன்றை எடுத்து, அதனை இரண்டு வாரம் அக்கருவியிலேயே பேசி முடிக்கவேண்டும். அவ்விரண்டு வாரமும் குழுவினர் ஒருவரை வேண்டுமென்றே அப்பேச்சினின்றும் விலக்கி வைக்கவேண்டும். அவர் பெங்களூரில் இருப்பவராயின் இன்னும் நன்று. பதினைந்தாம் நாள் அவர் வந்து, எவரையும் கேளாமல், தாமே படித்து, முடிவு யாது, அதற்குக் காரணம் யாது, மறுத்தவர் யாவர் என்று அரைமணி நேரத்திற்குள் எழுதித் தருகின்றாரா என்று பார்க்கவேண்டும். முதற்சோதனை வருகின்ற திங்கட்கிழமை தொடங்குகின்றது. விலகி இருப்பதற்குப் பெங்களூர் அன்பர் ஒருவர் தாமே முன்வந்திருக்கின்றார்.